ஸ்ராங்கு வீட்டுக் கார் ஷெட்

மட்டாஞ்சேரியில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பஜாரில் இரண்டு அரிசிக் கிட்டங்கிகளுக்கு இரும்புக் கூரை. படகுத் துறைக்குப் போகும் வழியில் டீக்கடை வரிசைக்கு முன்னால் நிற்கும் சார்ப்பு. மிளகு வியாபாரம் செய்யும் குஜராத்திக்காரர் வீட்டு முன்கேட். அதில் ஒரு மயில் தோகை விரித்து நிற்கும், ஊர் பார்க்க வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு என் சொந்த வீடு. காயல் தண்ணீர் ஏறும் நாட்களில் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும், உள்ளே வராது. தரையை அப்படி உயர்த்தியிருக்கிறேன். என் பிள்ளைகளின் படிப்பு. அதுவும் நான் கட்டியதுதான், அஸ்திவாரம் என் முதுகு.

எதை வைத்துக் கட்டினேன்? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் பையோடு வந்து இறங்கியவன் நான். மூன்றாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. வந்த இடத்தில் பாஷை தெரியாது, ஆள் தெரியாது. உப்புக் காற்று இரும்பைத் தின்னும் ஊரில் இரும்பு வேலை செய்து பெயர் வாங்குவது லேசா? வாங்கினேன். "அண்ணாச்சி வெச்ச இரும்பு" என்று சொல்லிவிட்டால் இந்தப் பஜாரில் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

ஆனால் நான் கட்டியதில் ஒன்று மட்டும் இன்னொருவர் பெயரில் நடமாடிக்கொண்டிருக்கிறது. எங்கள் சந்தில் இருக்கும் ஒரு கார் ஷெட். அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அந்த வீட்டு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

அவர் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. ஊருக்கு அவர் ஸ்ராங்கு. எர்ணாகுளத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் படகை ஓட்டியவர். படகு ஓட்டுகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். தாத்தா காலத்தில் தூத்துக்குடியிலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ்தான், ஆனால் காயல் தண்ணீரில் ஊறிப்போன தமிழ். ஒல்லியான ஆள். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் ஒரு தோர்த்துத் துண்டு. அந்த மனிதரிடம் ஆண்டவன் எல்லாம் கொடுத்திருந்தான், "முடியாது" என்ற ஒரு சொல்லைத் தவிர.

படகு துறையை விட்டு விலகிவிட்டது என்று வையுங்கள். கரையில் யாராவது கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் போதும், படகு திரும்பும். அவரை ஏற்றிக்கொண்டு விலகும்போது இன்னொருத்தி ஓடி வருவாள். மறுபடியும் திரும்பும். ஒரு நாள் நானும் உள்ளே இருந்தேன். ஆபீசுக்குப் போகிற ஒருவர் பொறுக்க மாட்டாமல் எழுந்து நின்றார்.

"ஸ்ராங்கே, இது படகா, தொட்டிலா?"

"ஓடி வராங்க இல்லே சாரே. முகத்தைப் பார்த்துட்டு எப்படி விட்டுட்டுப் போக?"

மறுநாள் அதே ஆபீஸ்காரர் கரையில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். படகு அவருக்காகவும் திரும்பியது. அன்றைக்கு உள்ளேயிருந்து கத்தியவன் நான்.

தேர்தல் வந்தால் இன்னும் வேடிக்கை. சுவரில் எழுதுவதற்குக் கட்சிக்காரர்கள் முன்கூட்டியே மதில் கேட்டு வருவார்கள். ஒரு கட்சி வந்து கேட்டது. "அதுக்கென்ன" என்றார். அடுத்த கட்சி வந்தது. "அதுக்கென்ன." மூன்றாவது கட்சிக்கும் அதே "அதுக்கென்ன." கடைசியில் அந்தச் சின்ன மதிலில் மூன்று சின்னங்களும் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்தன. பார்க்கிறவன் குழம்பிப்போய் ஓட்டை மாற்றிக் குத்திவிடுவானோ என்று பயந்து மூன்று கட்சிக்காரர்களும் ஒன்றாக வந்து சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தெரிந்து மூன்று கட்சியும் சேர்ந்து இந்த ஊரில் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஷெட்டுக்கு வருகிறேன். அவருடைய அப்பா டாக்சி ஓட்டியவர். அப்பா போனார், டாக்சியும் போனது, ஓடு வேய்ந்த கார் ஷெட் நின்றது. காலி இடத்தை ஊர் சும்மா விடுமா?

"ஸ்ராங்கு சேட்டா, ரெண்டு நாளைக்கு இது இங்க..."

"வெச்சோ."

வைத்துக்கொள் என்று அர்த்தம். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். அப்படி வந்து சேர்ந்தவைதான் எல்லாம். பந்து விளையாடும் பையன்களின் கோல்போஸ்ட். கல்யாணச் சமையல்காரரின் செம்பு உருளிகள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் மூங்கில் எலும்புக்கூடு. தையல் மிஷின், உடைந்த தராசு, படகு எஞ்சின், கால் ஒடிந்த கட்டில்கள். திருச்சூருக்குக் குடிபோன ஒரு குடும்பம் விட்டுப் போன, ஆளைவிட உயரமான ஈட்டிமர அலமாரி. போதாததற்கு ஒரு சவப்பெட்டி. மீன்கடை வைத்திருந்த சேட்டன் நெஞ்சுவலியில் விழுந்தபோது பிள்ளைகள் பதறிப்போய்ப் பெட்டியே செய்து கொண்டுவந்துவிட்டார்கள். பெட்டி வந்த அன்று அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். இனி பெட்டியை எங்கே வைப்பது? ஸ்ராங்கைக் கேட்டார்கள். வெச்சோ.

அந்த ஷெட்டில் ஸ்ராங்குக்குச் சொந்தமான பொருள் ஒன்றுகூட இல்லை. அவருடைய சைக்கிள் வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்தது.

இப்படியே போயிருக்கும். ஆனால் அவர் படகு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயத்தில் மகள் மஸ்கட்டிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்தவள். முதுகு, முட்டி, கழுத்து பிடித்தவர்களை நிமிர்த்தி நடக்க வைக்கிற வேலை. மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போன ஆட்களுக்கு மட்டாஞ்சேரியில் பஞ்சமா? ஷெட்டை ஒழித்துக் கொடுத்தால் அங்கேயே தொடங்கிவிடுவேன் என்று வந்த நாளிலிருந்து அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் என் பட்டறைக்கு வந்தாள்.

"மாமா, இனி எனக்குப் பொறுமை இல்ல. எர்ணாகுளம் தாண்டி இடப்பள்ளியில ஒரு ஃப்ளாட்டுக்குக் கீழ ரூம் இருக்கு, மேல வீடும் கிடைக்கும். ஓணம் வரைக்கும் பார்ப்பேன். ஷெட் ஒழியலேன்னா அப்பாவையும் கூட்டிட்டு அங்க போயிடுவேன். இந்த வீட்டைக் கொடுத்துட வேண்டியதுதான்."

"அப்பா என்ன சொல்லுதாரு?"

"அதுக்கென்னங்கறார்."

"ஷெட்டை ஒழிக்கதுக்கு?"

"அதுக்கும் அதுக்கென்ன."

சரி என்று மட்டுமே சொல்லத் தெரிந்த மனிதரின் சரியை எப்படி எண்ணுவது? அவருக்கு என்ன வேண்டும் என்று பெற்ற மகளுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் ஸ்ராங்கு பட்டறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாயா வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, இடப்பள்ளியில எங்க நின்னாலும் தண்ணி காணாது, அல்லே?"

"பெரிய பெரிய கடையெல்லாம் காணலாம் சேட்டா."

"அதுக்கென்ன," என்றார். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த மனிதர் சாயாவை மிச்சம் வைத்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "மோளே, ஷெட் என் பொறுப்பு. நீ ஓணத்துக்குப் பூக்கோலம் போட ரெடியாகு" என்றேன். வேறு யாரும் அதைக் கையில் எடுத்திருக்க மாட்டார்கள். எடுத்திருந்தாலும் இரண்டாம் நாள் ஓடிப்போயிருப்பார்கள்.

ஏனென்றால் அந்த ஷெட்டை ஒழிப்பது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது மாதிரி. நான் ஒவ்வொன்றாக முற்றத்தில் எடுத்துப்போட்டுச் சந்தில் நின்று கத்துவேன். "ஏலே, கோல்போஸ்ட் யாருதுடே? வந்து தூக்குங்க!" பொருளுக்கு உரியவர்கள் வருவார்கள். தையல் மிஷின்காரி அதைப் பார்த்ததும் காணாமல் போன பிள்ளை கிடைத்த மாதிரி துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஊரே சிரித்துக்கொண்டு அவரவர் பொருளை அடையாளம் காட்டிக்கொண்டிருக்கும். நான் மதியம் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தால், ஒழித்த இடத்தில் ஒரு புது மெத்தை நிற்கும்.

"யாருது சேட்டா இது?"

"பாவம் அண்ணாச்சி, அவங்க வீட்டுல பெயின்ட் அடிக்கறாங்க. ரெண்டு நாள்தான்."

"ஒங்க வாய்க்கு நான் ஒரு வெல்டிங் வெச்சாத்தான் சரிப்படும்."

"வெச்சோ," என்றார்.

ஆளை அங்கிருந்து அப்புறப்படுத்தினால்தான் வேலை நடக்கும் என்று அவரைப் படகுத் துறைக்கு அனுப்பினேன். போய்ச் சந்தோஷமாக உட்கார்ந்து படகுகளைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்றேன். ஊர் துறைக்கே போய்க் கேட்டது. பெட்டி ஆட்டோவில் பழைய ஃப்ரிட்ஜை ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு, "ஸ்ராங்கு சொல்லியாச்சு" என்றான் ஒருவன். நான் கேட்டை மறித்துக்கொண்டு நின்றேன். "இங்க ஸ்ராங்கு சொல்லு செல்லாது. என் சொல்லுதான் செல்லும். வண்டியைத் திருப்பு." அந்த ஃப்ரிட்ஜ் திரும்பிப் போனது, சந்தின் சரித்திரத்தில் அப்படித் திரும்பிப் போன முதல் பொருள் அதுதான்.

மீன்கடைச் சேட்டனும் வந்தார், கொழுகொழுவென்று. பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "நல்ல மரம்" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

"வீட்டுக்குக் கொண்டுபோனா வீட்டுக்காரி பயப்படும் அண்ணாச்சி."

"அப்ப உள்ள ஏறிப் படுங்க, நான் தூக்கிட்டு வந்து விடுதேன்."

அவரே கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியில் அதில் உப்பு கொட்டி வைக்கலாம் என்று மகன் தலையில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஒரு வழியாக ஷெட் ஒழிந்தது. மிஞ்சியது திருச்சூர்க்காரர்களின் அலமாரி மட்டும். அதன் தலைமேல் கட்டில் பலகைகளை அடுக்கி, அந்த அடுக்கு கூரைவரைக்கும் முட்டிக்கொண்டிருந்தது. ஓணம் நெருங்கிவிட்டது. வானம் கறுத்துக்கொண்டு நின்றது. பஜாரில் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் நாலு பேரைக் கூட்டி வந்தேன். மகள் கடை திறந்தால் முதலில் இடுப்பைக் காட்டப்போவது தாங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் கூப்பிட்டதும் வந்தார்கள். அன்றைக்கு ஸ்ராங்கும் துறையிலிருந்து சாப்பிட வந்து முற்றத்தில் நின்றார். மகளும் நின்றாள். மீன்கடைச் சேட்டனும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

"தள்ளுங்கடே," என்றேன்.

அலமாரி ஒரு முழம் நகர்ந்திருக்கும். மேலேயிருந்த பலகைகள் சரிந்தன. கூரைக்குள்ளே ஒரு முனகல் கேட்டது, கிழட்டு மாடு படுக்கிற மாதிரி. இரண்டு ஓடுகள் விழுந்து நொறுங்கின. நடு உத்திரம் எங்கள் கண்ணுக்கு முன்னால் கீழே இறங்கியது.

விஷயம் இதுதான். உத்திரத்தின் ஒரு முனையைச் சுவருக்குள்ளேயே கரையான் தின்று தீர்த்திருந்தது. எத்தனை வருஷமாகவோ அந்தக் கூரை சுவர்மேல் நிற்கவில்லை, அடுத்தவர் வீட்டு அலமாரிமேல் நின்றிருக்கிறது. வெளியிலிருந்து யாராலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நானே கண்டுபிடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நாலு பேரும் ஆண்பிள்ளைகள். ஓடவில்லை. மூட்டைக்குக் கொடுக்கிற மாதிரியே தோளைக் கொடுத்து உத்திரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். கழுத்து நரம்பு புடைத்தது.

"அண்ணாச்சியே, வேகம் வேகம்!" என்று கத்தினான் ஒருவன்.

என் பட்டறை இரண்டு சந்து தள்ளி. இரும்பு கொண்டுவருவதற்குள் தோள் போய்விடும், ஷெட் போய்விடும், ஓணம் போய்விடும், இந்த மனிதர் இடப்பள்ளிக்குப் போய்த் தண்ணீர் காணாமல் உட்கார்ந்திருப்பார். எல்லாம் ஒரே நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது. அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு பெட்டி ஆட்டோ வந்து நின்றது. பந்தல்காரன். வண்டி நிறையச் சவுக்குக் கம்பு. உள்ளே நடப்பது எதுவும் தெரியாமல் தலையை நீட்டினான்.

"ஸ்ராங்கு சேட்டா, நாளைக்கு அக்கரை வைப்பின்ல ஒரு கல்யாணம். ஒரு ராத்திரிக்கு இந்தக் கம்பை மட்டும் இங்க..."

"வெச்சோ!" என்று கத்தினேன் நான்.

ஆமாம், நான்தான். கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே இழுத்ததும் நான்தான். ஸ்ராங்கு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "அண்ணாச்சியா சொன்னது?" என்று கேட்டுச் சிரித்தார். "பெறகு சிரிங்க, இப்ப பிடிங்க!" என்றேன். அவர் ஒரு கம்பு, மீன்கடைச் சேட்டன் ஒரு கம்பு, மகள் ஒரு கம்பு. எந்த இடத்தில் எப்படிச் சாய்த்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்று நான் காட்டக் காட்ட நிறுத்தினார்கள். பிறகு ஒவ்வொரு தோளாக விலகச் சொன்னேன். கூரை நின்றது.

பந்தல்காரன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது.

"அய்யோ, காலையில எனக்கு அது வேணுமே! வண்டி ஏத்துற முதல் ஜங்கார்ல நான் கொண்டுபோகணும். சேட்டா, நீங்க சொல்லுங்க. காலையில எடுத்துக்கலாம் இல்லே?"

எல்லோரும் ஸ்ராங்கைப் பார்த்தோம். "அதுக்கென்ன" வரப்போகிறது, முட்டுக் கம்பை உருவப்போகிறான், கூரை விழப்போகிறது என்று நான் கம்புக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன். அவர் முட்டுக் கம்பு ஒன்றைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். தொண்டையைச் செருமினார்.

"முடியாது," என்றார்.

மீன்கடைச் சேட்டன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பந்தல்காரன் பயந்துபோய் என்னிடம் ரகசியமாகக் கேட்டான்: "ஸ்ராங்குக்குச் சுகமில்லையா?"

மகள் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அவள் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, கேட்கப்போகிறாள் என்று.

"அப்பா, அப்போ இடப்பள்ளி?"

"அதுவும் முடியாது."

"இத முதல்லயே சொல்லியிருந்தா என்னவாம்?"

"நீ ஆசையாக் கேட்டே மோளே. முகத்தைப் பார்த்துட்டு எப்படிச் சொல்ல?"

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை, அப்பாவின் தோர்த்தை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுமட்டுக்காரர்கள் தோளைத் தேய்த்துக்கொண்டே கைதட்டினார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் அந்தக் கூரைக்குக் கீழேயே நின்று, அவள் போட்டுக் கொடுத்த சாயாவைக் குடித்தோம். ஸ்ராங்கு இரண்டு கிளாஸ் குடித்தார்.

பந்தல்காரனை நான் விட்டுவிடவில்லை. கொடுத்த முட்டுக் கம்பை நடுவில் மாற்றினால் கூரை கேட்காது, ஆனால் கல்யாணம் நிற்கக் கூடாது இல்லையா? என் பட்டறையிலிருந்த இரும்புக் குழாய்களையெல்லாம் அவன் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். வைப்பினில் அந்தப் பெண் இரும்புப் பந்தலில் மாலை மாற்றினாள். காற்றடித்தும் ஆடவில்லை என்று சொன்னார்கள். என் குழாய் எப்படி ஆடும்?

பிறகு ஷெட் வேலை. அழுகிய உத்திரத்தை இறக்கி இரும்பு உத்திரம் ஏற்றினேன், உப்புக் காற்று தொடாதபடி ரெட் ஆக்சைடு மேல் ரெட் ஆக்சைடு. உப்புப் பூத்து உதிர்ந்த சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசினோம். தரையை உயர்த்தி, தாங்கித் தாங்கி நடக்கிறவர்கள் ஏறுவதற்கு வாசலில் ஒரு சரிவு வைத்தேன். ஓணத்தன்று வாசலில் பூக்கோலம் இருந்தது, உள்ளே கட்டிலில் அந்த நாலு பேரில் ஒருவன் குப்புறப் படுத்துக்கொண்டு "மெதுவா மோளே" என்று அலறிக்கொண்டிருந்தான். ஸ்ராங்கு படியில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் பாயசம் கொடுத்தார். பையன் ஒருவன் கிரிக்கெட் மட்டையோடு வந்து இதை இங்கே வைக்கட்டுமா என்றான். அவர் திரும்பி மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாவம். நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மட்டை உள்ளே போனது.

அதற்குப் பிறகு இருந்த காலம் முழுவதும் காலையில் துறைக்குப் போய்ப் படகு பார்த்துவிட்டு, மதியம் மகள் கையால் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் என் பட்டறையில் சாயா. தண்ணீர் தெரிகிற இடத்திலேயே கண்ணை மூடினார்.

அவர் போனபோது சந்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஆயுசில் ஒரு முறைகூட முடியாது என்று சொல்லாத மனிதர் என்றார்கள். தப்பு. இரண்டு முறை சொன்னார், இரண்டும் ஒரே மத்தியானத்தில், நான் பக்கத்தில் நின்றேன். ஸ்ராங்கின் நல்ல மனசு தாங்கியதால்தான் அந்தக் கூரை விழவில்லை என்றும் ஒருவர் பேசினார். கூட்டமே தலையாட்டியது. என் பக்கத்திலிருந்தவன்கூட. நல்ல மனசுதான், மறுக்கவில்லை, அப்படி ஒரு மனசை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆனால் மனசுமேல் ஓடு வேய முடியாது.

அதனால் இனி அவரைப் பற்றி யார் பேசினாலும், யார் எழுதினாலும், எனக்குச் சேர வேண்டியதை எனக்குச் சேர்த்துப் பேசுங்கள். அந்த மகள் இடப்பள்ளிக்குப் போகாமல் இங்கேயே இருந்து ஊர் முதுகை நிமிர்த்துகிறாள் என்றால், அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததால்தான். அது வருகிறவரை கூரையை விழாமல் நிறுத்தியது யார்? அதைச் சொல்லுங்கள். பெயர்கூட வேண்டாம். அண்ணாச்சி என்று சொன்னால் போதும். ஆனால் சத்தமாகச் சொல்லுங்கள்.